மண்ணுக்குள் கசியும் குழாயும் மழலையின் வயிற்றுப்போக்கும்



வீட்டு வாசலுக்கே குழாய்த் தண்ணீர் வருவது பெரிய வசதி. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்திற்குப் பிறகு, முன்பு தெருக்குழாயில் குடம் வரிசை வைத்துக் காத்திருந்த பல குடும்பங்களுக்கு இன்று சொந்தக் குழாய் இருக்கிறது. ஆனால் தண்ணீர் வீட்டுக்கு வந்தால் மட்டும் போதுமா? நல்ல தண்ணீராக வந்து சேர வேண்டும் அல்லவா?

மேல்நிலைத் தொட்டியில் குளோரின் கலந்து சுத்தமாகப் புறப்படும் தண்ணீர், உங்கள் வீட்டு நல்லிக்கு வருவதற்குள் கெட்டுப்போவதும் உண்டு. அதற்கு முக்கியமான காரணம் மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் ஓட்டைக் குழாய். "ஏதோ கொஞ்சம் கசியுது, மண்ணுதானே குடிக்குது" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தக் கசிவு தண்ணீரை வெளியே விடுவதோடு நிற்பதில்லை. வெளியே இருக்கும் அசுத்தத்தை உள்ளேயும் இழுக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

ஓட்டை வழியே நோய் வருவது எப்படி?

நம் ஊர்களில் நாள் முழுவதும் தண்ணீர் விடுவதில்லை. காலையில் ஒரு மணி நேரம், சில ஊர்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். தண்ணீர் வரும்போது குழாய்க்குள் அழுத்தம் இருக்கும். அப்போது ஓட்டை வழியே தண்ணீர் வெளியே பீறிடும், சுற்றியுள்ள மண் சேறாகும். வால்வை மூடியதும் குழாயில் மிச்சமுள்ள தண்ணீர் பள்ளத்துப் பக்கம் இறங்கிவிடும். குழாய் காலியாகும். காலியான குழாய் உறிஞ்சும். அப்போது வெளியே தேங்கி நிற்கும் சேற்றுத் தண்ணீர் அதே ஓட்டை வழியே உள்ளே போகும்.

அந்தச் சேற்றில் என்ன இருக்கிறது? பாத்திரம் கழுவிய தண்ணீர், மாட்டுக் கொட்டகைக் கழிவு, பக்கத்துச் சாக்கடை, கழிப்பறைக் குழியின் ஊறல். மறுநாள் தண்ணீர் விடும்போது இவை எல்லாம் சேர்ந்து உங்கள் குடத்தில் விழும். தண்ணீர் பார்வைக்குத் தெளிவாக இருக்கலாம். கிருமி கண்ணுக்குத் தெரியாது.

இப்படி வரக்கூடிய நோய்கள் வயிற்றுப்போக்கு, காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை. 1955-ஆம் ஆண்டு டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் டில்லி நகரத்தில் குடிநீரில் சாக்கடை நீர் கலந்ததால் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. அது ஹெபடைடிஸ் 'ஈ' என்ற கிருமியின் வேலை என்று பிற்காலத்தில் தெரிந்தது. இந்த வகைக் காமாலை கர்ப்பிணிப் பெண்களுக்கு, அதிலும் கடைசி மூன்று மாதங்களில், உயிருக்கே ஆபத்தாக முடியும். ஆகவே வீட்டில் கர்ப்பிணி இருந்தாலும், கைக்குழந்தை இருந்தாலும், குழாய்க் கசிவை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

கசிவு இருக்கிறதா? கண்டுபிடிப்பது எப்படி?

கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் சந்தேகப்படுங்கள்.

1. மழையில்லாத நாளிலும் ஓரிடத்தில் மட்டும் மண் ஈரமாகவோ, மிதித்தால் உள்வாங்குவதாகவோ இருக்கும்.
2. சுற்றிலும் காய்ந்திருக்க, குழாய் போகும் தடத்தில் மட்டும் புல் பச்சையாக முளைத்திருக்கும்.
3. பக்கத்து வீட்டில் வேகமாக வரும் தண்ணீர் உங்கள் வீட்டில் நூல் போல வரும்.
4. முதல் ஐந்து நிமிடம் கலங்கலாகவோ, நாற்றத்துடனோ வரும். சில சமயம் புழுவும் வேர்த்துண்டும்கூட வரும்.

"கொஞ்சம் விட்டுப் பிடிச்சா தெளிஞ்சிடும்" என்று சொல்லிக் குடத்தை வைக்கிறோம். அந்தக் கலங்கல்தான் குழாய் உங்களுக்கு அனுப்பும் எச்சரிக்கை.

இன்னொரு சோதனையும் உண்டு. தண்ணீர் விடும் நேரத்தில் வீட்டில் உள்ள எல்லா நல்லிகளையும் இறுக மூடுங்கள். மீட்டர் இருந்தால் அதன் முள் ஓடுகிறதா என்று பாருங்கள். மீட்டர் இல்லையென்றால் நல்லியின் மேல் காதை வைத்துக் கேளுங்கள். எல்லாம் மூடியிருக்கும்போது 'உஸ்' என்ற சத்தம் கேட்டால் எங்கோ தண்ணீர் ஓடுகிறது என்று அர்த்தம்.

நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி கசிந்தால், ஒரு மணி நேரத்தில் 12 லிட்டர் போய்விடும். கிட்டத்தட்ட ஒரு குடம் தண்ணீர்!

யார் சரி செய்வது?

தெருவில் போகும் பெரிய குழாயை நீங்கள் தொடக்கூடாது. ஊராட்சி அலுவலகத்திலோ, டேங்க் ஆபரேட்டரிடமோ உடனே சொல்லுங்கள். இடத்தைக் காட்டுங்கள். சொல்லியும் நடக்கவில்லையென்றால் எழுதிக் கொடுங்கள். கிராம சபையில் எழுந்து கேளுங்கள். தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-ஆம் நாளும் கிராம சபை நாள்தான். பெண்கள் கேட்டால் இன்னும் நல்லது. தண்ணீரின் நல்லது கெட்டது முதலில் தெரிவது அவர்களுக்குத்தானே!

உங்கள் வேலிக்குள் வரும் சிறிய பி.வி.சி. குழாயைக் கணவனும் மனைவியும் சேர்ந்து அரை நாளில் சரி செய்துவிடலாம். ஒருவர் தோண்ட, ஒருவர் பிடிக்க, வேலை சுலபமாகும். கர்ப்பிணிகள் மட்டும் தோண்டவோ தூக்கவோ வேண்டாம்.

வேண்டிய சாமான்கள்

மண்வெட்டி, ஆக்ஸா பிளேடு, உப்புத்தாள், சுத்தமான பழந்துணி, அதே அளவுள்ள புதுக் குழாய்த் துண்டு, இரண்டு கப்ளர், ஒரு சிறு டப்பா பி.வி.சி. பசை. வெட்டிய பழைய துண்டைக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டி வாங்கினால் அளவு தவறாது.

ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் குழாய் வளைந்து கொடுக்கும் கறுப்புக் குழாயாக இருந்தால் அது ஹெச்.டி.பி.இ. வகை. அதில் இந்தப் பசை ஒட்டவே ஒட்டாது. அதற்கென்று திருகி இறுக்கும் கப்ளர் கடையில் கிடைக்கும். இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டையானால் அந்தத் துண்டையே மாற்ற வேண்டும். அதற்குப் பிளம்பரைக் கூப்பிடுவதே நல்லது.

வேலை செய்யும் முறை

முதலாவது: தண்ணீர் விடாத நேரத்தில் தொடங்குங்கள். வீட்டு வால்வு இருந்தால் அதையும் மூடிவிடுங்கள். மோட்டாருக்குப் போகும் கரண்ட் ஒயர் அந்த இடத்தில் புதைந்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால் மெயினை அணைத்துவிட்டுத் தோண்டுங்கள்.

இரண்டாவது: ஈரம் உள்ள இடத்தில் மூன்று நான்கு அடி நீளத்துக்குத் தோண்டுங்கள். குழாய் தெரியும் வரை மெதுவாக, கடைசியில் கையால் மண்ணை அள்ளுங்கள். கடப்பாரையால் ஓங்கிக் குத்தினால் ஒரு ஓட்டை இரண்டாகும்! குழாய்க்குக் கீழேயும் அரை அடி ஆழம் தோண்டி, சேற்றுத் தண்ணீரை முழுவதும் இறைத்துவிடுங்கள். வெட்டும்போது அந்தச் சேறு குழாய்க்குள் போகக்கூடாது என்பதற்காகத்தான் இது.

மூன்றாவது: ஓட்டைக்கு இருபுறமும் நல்ல குழாய் வரும் வரை தள்ளி நேராக வெட்டுங்கள். கோணலாக வெட்டினால் இணைப்பு நிற்காது. பிசிறைத் தேய்த்து எடுங்கள். வெட்டிய வாய்களைச் சுத்தமான துணியால் அடையுங்கள்.

நான்காவது: பசை போடாமல் முதலில் பொருத்திப் பாருங்கள். இரு முனையிலும் கப்ளரைச் செருகி, நடுவில் வைக்கும் துண்டின் நீளம் சரியா என்று பார்த்து, கப்ளர் எதுவரை ஏறுகிறது என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். நீளமாகத் தோண்டியிருந்தால் குழாயைச் சற்று மேலே தூக்கி வளைத்துக் கடைசி இணைப்பைச் செருகலாம்.

ஐந்தாவது: பொருத்த வேண்டிய இடங்களை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தில் பசை பிடிக்காது. அடைத்த துணியை எடுத்துவிட்டு, குழாயின் வெளிப்புறத்திலும் கப்ளரின் உட்புறத்திலும் மெல்லிதாகப் பசை தடவி, கோடு வரை செருகி, கால் சுற்று திருப்பி, அரை நிமிடம் அசையாமல் பிடியுங்கள். பசையின் ஆவி தீப்பற்றக்கூடியது. பக்கத்தில் பீடி, அடுப்பு கூடாது. குழந்தைகளும் பக்கத்தில் வேண்டாம்.

ஆறாவது: டப்பாவில் போட்டுள்ள நேரம் வரை காயவிடுங்கள். ஓர் இரவு விட்டால் மிகவும் நல்லது. அதுவரை குழியின் மேல் பலகை போட்டு மூடி வையுங்கள். இருட்டில் குழந்தை விழுந்துவிடக் கூடாது.

ஏழாவது: தண்ணீர் வந்ததும் குழியை மூடாமல் இணைப்பைக் காய்ந்த கையால் தடவிப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் சரி. குழாயைச் சுற்றிக் கல் இல்லாத மணலைப் போட்டு, பிறகு மண் தள்ளி மிதியுங்கள். குழாய் ஒன்றரை அடி ஆழத்திலாவது இருக்கட்டும். மேலோட்டமாகப் புதைத்த குழாய்தான் வண்டிச் சக்கரம் ஏறி உடைகிறது.

எட்டாவது: நல்லியை முழுவதும் திறந்து பத்து நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கு விடலாம், குடிக்க வேண்டாம்.

சைக்கிள் டியூப் சுற்றினால் போதாதா?

பழைய சைக்கிள் டியூபை இழுத்துச் சுற்றிக் கம்பியால் கட்டுவது நம் ஊரில் வழக்கம். ஒன்றிரண்டு நாள் சமாளிக்க அது உதவும். ஆனால் வெளியே தண்ணீர் வராமல் தடுத்தாலும், குழாய் காலியாகி உறிஞ்சும்போது அழுக்கு உள்ளே போவதை அது முழுவதும் தடுக்காது. டியூப் கட்டியிருக்கும் வரை காய்ச்சிய தண்ணீரையே குடியுங்கள்.

குழாயடிக் குழி வேண்டாம்

தண்ணீர் வேகமாக வரவில்லை என்று சில வீடுகளில் வாசலில் குழி தோண்டி, குழிக்குள் நல்லி வைக்கிறார்கள். அந்தக் குழியில் சிந்திய தண்ணீர் தேங்கி, நல்லியே அதில் முழுகிக் கிடக்கும். தண்ணீர் நின்றதும் அத்தனையும் குழாய்க்குள் போகும். அது உங்கள் வீட்டை மட்டுமல்ல, தெருவையே கெடுக்கும். நல்லி தரைக்கு மேலே இருக்கட்டும், கீழே ஒரு சிமெண்ட் திண்ணை இருக்கட்டும். குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுவதும் இதே கெடுதலைச் செய்யும்.

புதிதாகக் குழாய் போடுகிறவர்கள் சாக்கடைக்கும் கழிப்பறைக் குழிக்கும் 10 அடியாவது தள்ளிப் போடுங்கள். சாக்கடையைக் கடந்தே தீர வேண்டுமானால் அந்த இடத்தில் இணைப்பு வராதபடி, பெரிய குழாய் ஒன்றுக்குள் நுழைத்துக் கொண்டுபோங்கள்.

குடிக்கும் தண்ணீருக்குக் காவல்

கசிவு தெரிந்த நாள் முதல், சரி செய்து தண்ணீர் தெளிவாக வரும் வரை காய்ச்சிக் குடியுங்கள். தளதளவென்று கொதித்த பிறகும் ஒரு நிமிடம் கொதிக்கட்டும். குளோரின் மாத்திரை போட்டால் உறையில் உள்ள அளவுப்படி போட்டு அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். பானையை மூடி வையுங்கள். கையை விட்டு மொள்ளாமல் பிடி வைத்த அகப்பையால் எடுங்கள்.

கடைசி வீட்டு நல்லியிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சமிருக்க வேண்டும். சந்தேகமிருந்தால் சோதித்துப் பார்க்கச் சொல்லி டேங்க் ஆபரேட்டரையோ சுகாதார ஆய்வாளரையோ கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டுவிட்டால்

தண்ணீர் குடிப்பதை நிறுத்தாதீர்கள். தாய்ப்பாலையும் நிறுத்தாதீர்கள். ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் முழுவதும் கலக்கி, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். துத்தநாக மாத்திரை 14 நாள் கொடுக்க வேண்டும். போக்கு நின்றாலும் நடுவில் விடக்கூடாது. இரண்டையும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டு வாங்குங்கள்.

கண் குழி விழுந்தாலோ, குழந்தை துவண்டு போனாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, சிறுநீர் நின்றாலோ காத்திருக்காதீர்கள். 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

தம்பதியருக்கு ஒரு வார்த்தை

"குழாய் பார்க்கறது ஆம்பளை வேலை, புள்ளைக்கு மருந்து கொடுக்கறது பொம்பளை வேலை" என்று பிரித்துப் பேசுவது பழைய பேச்சு. "ஏங்க, இன்னைக்கும் தண்ணி கலங்கலா வந்துச்சு" என்று மனைவி சொன்னால், கணவர் அன்றே மண்வெட்டியை எடுக்க வேண்டும். மனைவியும் கூட நிற்க வேண்டும். ஒரு கப்ளரும் ஒரு டப்பா பசையும் ஆகும் செலவு, ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு அலையும் பஸ் செலவுக்கும் இழந்த கூலிக்கும் ஈடாகுமா?

அளவான குடும்பம் அமைவதற்கும் இது அடிப்படை. பெற்ற பிள்ளைகள் நோயின்றி வளர்வார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் பெற்றோர் இரண்டு போதும் என்று மனநிறைவோடு நிறுத்துவார்கள். அந்த நம்பிக்கை நல்ல தண்ணீரில் தொடங்குகிறது.

ஆகவே நாளைக் காலை தண்ணீர் வரும்போது எல்லா நல்லிகளையும் மூடிவிட்டு, இருவரும் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். 'உஸ்' என்ற சத்தம் கேட்டால் அன்றே மண்வெட்டியை எடுங்கள்.