பானைக்கு முன்னே ஒரு பிடி

உலைநீர் கொதிக்கும் வேளையில் நம் கிறிஸ்தவ இல்லங்களில் குடும்பத் தலைவியர் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்த சிறு செயல் ஒன்றுண்டு. சோற்றுக்கென அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை அள்ளி, அடுப்படிச் சுவரோரம் இருக்கும் கலயத்தில் இடுவார்கள். எஞ்சியதைக் களைந்து உலையில் போடுவார்கள். கலயம் நிறைந்ததும் அது ஆலயத்திற்குச் செல்லும். பிடியரிசி என்று அதற்குப் பெயர். கலயம் இன்று பல வீடுகளில் பிளாஸ்டிக் டப்பாவாக மாறிவிட்டது. சில வீடுகளில் அதுவும் இல்லை.

அன்பார்ந்த வாசகர்களே, இச்செயலில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். அரிசி எடுக்கப்படுவது மூட்டையிலிருந்தன்று, அளந்த படியிலிருந்து. ஆதலால் அன்றைய சோறு ஒரு பிடி குறைகிறது. உண்டு மிஞ்சியதைக் கொடுப்பதற்கும், உண்பதற்கு முன்பே பிரித்து வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. சரெப்தா ஊர்க் கைம்பெண்ணிடமும் இருந்தது ஒரு பிடி மாவுதான். தனக்கும் மகனுக்கும் அப்பம் சுடுமுன் தனக்கொன்று சுட்டுத் தரும்படி இறைவாக்கினர் எலியாஸ் கேட்டார். அந்த 'முன்' என்ற சொல்லில்தான் அவளுடைய விசுவாசம் முழுவதும் சோதிக்கப்பட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடும், தன் 69-ஆம் பத்தியில், ஏழைகளுக்கு உதவுவது தேவைக்கு மிஞ்சிய பொருளிலிருந்து மட்டுமே ஆகாது என்று நினைவூட்டுகிறது.

ஒரு பிடியால் என்ன ஆகும் எனக் கேட்போர் உண்டு. பிடி ஒன்றுக்கு 40 கிராம் என்று கொள்வோம். நாளுக்கு இருவேளை உலை வைக்கும் வீட்டில் 30 நாளில் 2 கிலோ 400 கிராம் சேரும். 150 குடும்பங்கள் உள்ள பங்கில் அது மாதம் 360 கிலோ. இல்லம் ஒன்றுக்கு 20 கிலோ வீதம் 18 இல்லங்களுக்குக் கொடுக்கலாம். கொடுத்தவர் எவரும் பசியோடு படுத்திருக்கமாட்டார்.

இக்கணக்கைச் செயலில் காட்டியவர் நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் புனித குரியாக்கோஸ் எலியாஸ் சாவரா அடிகளார் (1805-1871). 1864-இல் முதன்மைக் குருவாக இருந்தபோது, ஆலயம் தோறும் பள்ளிக்கூடம் வேண்டும் என அவர் பணித்தார். ஆனால் பசித்த பிள்ளை பாடம் படிக்குமா? ஏழைச் சிறுவர்களுக்கு நண்பகல் உணவளிக்க அவர் கண்ட வழியும் பிடியரிசியே. பெருஞ்செல்வர் ஒருவரின் நன்கொடையைக் காட்டிலும் பல அடுப்படிகளின் பிடிகளையே அவர் நம்பினார் என்பது நாம் சிந்திக்கத்தக்கது. 2014-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். தொலைவிலுள்ள மிசோரம் மாநிலத்தில் பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இதே வழக்கத்தைக் காத்து வருகின்றனர். அங்கே அது ஆண்டுதோறும் கோடிக்கணக்கான ரூபாயாகத் திரள்கிறது.

இனி, சொல்லக் கசந்தாலும் சொல்லவேண்டியது ஒன்று. பானையில் பொன்னி வேகிறது; கலயத்தில் ரேஷன் அரிசி விழுகிறது. ரேஷன் அரிசியையே உண்ணும் வீட்டிலிருந்து அது வந்தால், கைம்பெண்ணின் இரு காசுக்கு ஒப்பான காணிக்கை. கோழிக்குப் போட வைத்திருந்ததைக் கலயத்திற்கு மாற்றினால் அதற்கு என்ன பெயர் வைப்பது? ஏழையின் நாவுக்கும் சுவை தெரியும். அரிசிப் பையோடு அவரை நிறுத்திப் புகைப்படம் எடுக்கும் வழக்கமும் எமக்கு உடன்பாடன்று.

பெறுகின்ற பங்குக்கும் கடமையுண்டு. எருசலேம் ஏழைகளுக்காக வாரத்தின் முதல் நாளில் அவரவர் தம் வருவாய்க்கேற்பச் சேர்த்து வைக்குமாறு கொரிந்தியருக்கு எழுதிய புனித சின்னப்பர், அக்காணிக்கையைக் கொண்டுசெல்லத் தாம் ஒருவராகப் புறப்படவில்லை. நற்பெயர் பெற்ற சகோதரர்களையும் உடன் சேர்த்துக்கொண்டார். இப்பெருந்தொகையைக் கையாள்வதில் எவரும் தம்மைக் குறை சொல்ல இடமிருக்கலாகாது என்றும் எழுதினார். அப்போஸ்தலருக்கே அந்தக் கவனம் தேவைப்பட்டதென்றால், இத்தனை கிலோ வந்தது, இத்தனை இல்லங்களுக்குச் சென்றது என்று நம் ஆலய வாயிலில் மாதந்தோறும் எழுதி ஒட்டுவதில் குறைவென்ன? பெற்றவர் பெயரை மட்டும் எழுதவேண்டாம்.

குக்கரில் ஒரு தம்ளர் அரிசி வைக்கும் இருவர் குடும்பங்கள் பெருகிவிட்டன. அவர்கள் சமைக்கும்போதெல்லாம் இயலாவிடில், ஞாயிறு காலை அரிசி அளக்கையில் ஒரு தம்ளரைப் பிரித்து வைக்கலாம். மாதச் சம்பளக்காரர் கடைச் சீட்டு எழுதும்போதே கலயத்திற்கென ஒரு வரி எழுதட்டும்.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால், அள்ளிப் போடும் வேலையை அவர்களிடமே ஒப்படையுங்கள். அவர்கள் கை சிறியது. பாதி அரிசி தரையில் சிந்தும். சிந்தியதைப் பொறுக்கிக் கலயத்திலேயே போடச் சொல்லுங்கள், பானையில் அன்று.