'சன்ஃபிஷ்' என்றால் மீனா, படகா? ஒரே பெயருக்கு மூன்று சொந்தக்காரர்கள்!

"லீவுக்கு ஏரிக்குப் போனோம், சன்ஃபிஷ் கிடைத்தது" என்று அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதினால், உடனே 'குழம்பு வைத்தீர்களா?' என்று கேட்டுவிடாதீர்கள். அவர் சொன்னது பாய்மரப் படகாகவும் இருக்கலாம்!

ஆங்கிலத்தில் 'சன்ஃபிஷ்' என்றால் நேர்ப்பொருள் சூரிய மீன். ஆனால், அந்தப் பெயருக்கு மூன்று பேர் சொந்தம் கொண்டாடுகிறார்கள். முதலாவது, வட அமெரிக்க ஏரி, குளங்களில் வாழும் உள்ளங்கை அளவு நன்னீர் மீன்கள். புளூகில், பம்ப்கின்சீட் எல்லாம் இந்தக் குடும்பம்தான். தூண்டில் போடப் பழகும் அங்குள்ள குழந்தைகளுக்கு முதலில் மாட்டுவது பெரும்பாலும் இவைதான்.

இரண்டாவது ஆசாமி, கடலில் இருக்கும் ராட்சசன். வாலை யாரோ வெட்டியதுபோல, தலை மட்டும் தனியாக நீந்துவதுபோல இருக்கும். 2021 டிசம்பரில் போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகள் அருகே இறந்து மிதந்த ஒன்றின் எடை 2,744 கிலோ! ஜெல்லி மீன்களைத் தேடிக் குளிர்ந்த ஆழத்துக்குப் போய்விட்டு, மேலே வந்து பக்கவாட்டில் படுத்து வெயில் காயும். அதனால்தான் சூரியன் பெயர்.

வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் மொழிகளில் இதே மீனுக்கு 'நிலா மீன்' என்று பெயர். அந்த ஊர்க்காரர்கள் பார்த்தது அதன் வட்ட வடிவத்தை. அறிவியல் பெயரான 'மோலா'வுக்கு லத்தீனில் திரிகைக் கல் என்று அர்த்தம். பார்த்தால் அதுவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

மூன்றாவதுதான் படகு. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் அலெக்ஸாண்டர் பிரையன், கார்ட்லண்ட் ஹெனிகர் என்ற இரு நண்பர்கள், பெயர்களின் முதல் பாதிகளைச் சேர்த்து 'ஆல்கார்ட்' என்ற நிறுவனம் நடத்தினார்கள். முதலில் செய்த 'செயில்ஃபிஷ்' கிட்டத்தட்ட பாய் கட்டிய பலகை. கால் வைக்க இடமில்லை. அகலத்தைக் கூட்டி, கால் வைக்கக் குழியும் விட்டு 1950-களின் தொடக்கத்தில் வந்ததுதான் 'சன்ஃபிஷ்'. நீளம் 14 அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே ஒரு முக்கோணப் பாய், அதில் வட்டமான மீன் சின்னம். கார் கூரையில் கட்டி எடுத்துப் போகலாம் என்பதால் லட்சக்கணக்கில் விற்றது. 1999 முதல் பான் அமெரிக்கன் விளையாட்டுப் போட்டிகளிலும் இருக்கிறது.

(நம் 'கட்டுமரம்' ஆங்கிலத்துக்குப் போய் 'கேட்டமரன்' ஆகி, இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகைக் குறிப்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். படகுப் பெயர்கள் ஓர் இடத்தில் நிற்பதில்லை!)

படகுக்குக் கவலையில்லை. கடல் மீனின் நிலைமைதான் மோசம். வேறு மீன்களுக்கு விரிக்கும் வலைகளில் ஏராளமாகச் சிக்கிச் சாகிறது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில், அழியும் ஆபத்துள்ள இனங்களில் ஒன்றாக இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதை உணவாக விற்கத் தடை.

இவ்வளவு பெரிய உருவத்துக்குள் மென்மையான மனசும் உண்டோ என்னவோ! ஜப்பானின் ஷிமோனோசெகி நகர மீன் காட்சியகம் 2024 டிசம்பரில் பராமரிப்புக்காக மூடப்பட்டதும், அங்கிருந்த சன்ஃபிஷ் சாப்பாட்டை நிறுத்திவிட்டது. ஒட்டுண்ணியோ, அஜீரணமோ என்று ஊழியர்கள் குழம்பினார்கள். 'பார்வையாளர்கள் வராததால் ஏங்குகிறதோ?' என்று ஒருவருக்குத் தோன்றவே, தொட்டிக்கு வெளியே சீருடைகளைத் தொங்கவிட்டு, மனித முகப் படங்களை வரிசையாக ஒட்டி வைத்தார்கள்.

மறுநாளே தெம்பாகிவிட்டதாம்.