கணக்கைக் கேட்பவருக்கும் ஒரு கணக்கு!

தீபாவளிக்கு இன்னும் இருபதே நாள். சிவகாசியிலிருந்து லாரிகள் வடக்கே புறப்பட்ட வண்ணம் இருக்கின்றன. அண்ணாச்சிக்குச் சாப்பிட நேரமில்லை. கணக்குப்பிள்ளைக்கோ மூச்சுவிட நேரமில்லை. அந்தச் சமயம் பார்த்துத்தானா தபால்காரர் அந்த உறையைக் கொண்டுவந்து நீட்ட வேண்டும்?

"மூன்று வருஷத்துக் கணக்குப் புத்தகங்கள், பாங்குக் கணக்கு, சரக்கு பில்கள் சகிதம் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மதுரையில் ஆஜராகவும்."

சம்மன்!

இது நான் கற்பனை செய்த காட்சிதான். ஆனால் விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கத்து வாசகர்கள், "கற்பனையா? போன வருஷம் எங்கள் வீட்டிலேயே..." என்று கதை சொல்ல ஆரம்பித்தால் அதற்கு நான் பொறுப்பாளி அல்ல.

பேரேடு என்றால் வெறும் வரவு செலவா? மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கைமாற்று, நகை அடகுக்குப் போன தேதி, ஆஸ்பத்திரிச் செலவு, நொடித்துப்போன தம்பிக்கு ஓசைப்படாமல் கொடுத்த தொகை இவையெல்லாம் அதில் இருக்கும். வீட்டு அம்மாளுக்கே தெரியாத விஷயம்கூட இருக்கும்! இப்போது பேரேட்டின் இடத்துக்குக் கம்ப்யூட்டரும் கைபேசியும் வந்துவிட்டன. வியாபாரக் கணக்கும் பேத்தியின் போட்டோவும் ஒரே பெட்டிக்குள் கிடக்கின்றன.

சர்க்கார் கணக்குக் கேட்பது இந்தச் சீமைக்குப் புதிதல்ல. 1934-ல் தீப்பெட்டிக்கு எக்சைஸ் வரி வந்தது. அப்புறம் வெகுகாலம், வரி கட்டியதற்கு அடையாளமான 'பேண்ட்ரோல்' சீட்டை ஒட்டாமல் பெட்டி வெளியே போக முடியாது. எத்தனை சீட்டு வாங்கினாய், எத்தனை ஒட்டினாய், மிச்சம் எங்கே என்று அதிகாரி கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

கேட்கவே கூடாது என்று நானும் சொல்லமாட்டேன். போலி பில் போட்டு வரி ஏய்ப்பவனால் நேர்மையாக வரி கட்டுகிறவனுக்குத்தான் நஷ்டம். அதுவும் பட்டாசுத் தொழிலில் புத்தகம் பொய் சொன்னால் உயிரே போகும். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எவ்வளவு மருந்து இருப்பில் இருக்கிறது என்ற ஏடுகளை ஒருவர் வந்து பார்க்கத்தான் வேண்டும்.

சரி, பார்க்க வருகிறவரை யார் பார்ப்பது?

2017-ல் வந்த ஜி.எஸ்.டி. சட்டத்தின் 70-வது பிரிவு, சம்மன் அனுப்பும் அதிகாரிக்கு ஒரு சிவில் கோர்ட்டுக்கு உள்ள சக்தியைக் கொடுக்கிறது. அவர் முன் பொய் சொன்னால் அது குற்றம். பெரிய கத்திதான்! அதை வீசுவதில் மிதமிஞ்சிப் போகிறார்கள் என்ற புகார் டில்லி வரை போயிற்று. பெரிய கம்பெனி முதலாளிகளையே சாதாரணக் காகிதங்களுக்காகக் கூப்பிட்டு அனுப்பினார்களாம். முதலாளிகளுக்கு வலித்ததும்தான் டில்லிக்குக் காது கேட்டது என்பது என் சந்தேகம். 2022 ஆகஸ்டு 17-ஆம் தேதி மத்திய மறைமுக வரி வாரியத்தின் விசாரணைப் பிரிவு தன் அதிகாரிகளுக்கு ஓர் உத்தரவு போட்டது.

அதன்படி, சூப்பரிண்டெண்டென்ட் ஒருவர் சம்மன் அனுப்புமுன் உதவி கமிஷனர் அல்லது துணைக் கமிஷனர் அந்தஸ்துக்குக் குறையாத மேலதிகாரியிடம் எழுத்து மூலம் அனுமதி பெறவேண்டும். ஏன் கூப்பிடுகிறோம் என்ற காரணத்தையும் எழுதி வைக்கவேண்டும். அவசரமானால் டெலிபோனில் அனுமதி கேட்கலாம். ஆனால் பிறகு அதை எழுத்தில் கொண்டுவந்தாக வேண்டும். ஜி.எஸ்.டி. இணையதளத்திலேயே கிடைக்கும் ஆவணங்களுக்காகச் சம்மன் அனுப்புவதைத் தவிர்க்க வேண்டும். குறித்த நேரத்தில், கூப்பிட்ட அதிகாரி நாற்காலியில் இருக்கவேண்டும்! வராந்தா பெஞ்சியில் காத்திருந்து முதுகு வலித்தவர் யாரோதான் இதைச் சொல்லி எழுத வைத்திருக்க வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். இது மத்திய அதிகாரிகளுக்கு இட்ட உத்தரவு. மாநில வணிக வரி இலாகாவுக்கு அல்ல.

நல்ல உத்தரவுதான். ஆனால் அனுமதி கொடுக்கிறவர் யார்? அதே இலாகாவின் மேலதிகாரி. மாப்பிள்ளை மேல் உள்ள புகாரை மாப்பிள்ளையின் தகப்பனாரிடமே கொண்டுபோய்ச் சொல்வது போலத்தான். அவர் நியாயஸ்தராக இருக்கலாம். இருந்தாலும் பெண் வீட்டாருக்கு மனம் ஆறுமா?

வெளியார் ஒருவர் நியாயம் சொல்லவேண்டுமானால் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். அப்படிப் போன வழக்கு ஒன்று உண்டு. முத்திரைத் தீர்வைச் சட்டத்தில் ஆந்திர சர்க்கார் ஒரு திருத்தம் செய்தது. கலெக்டர் அதிகாரம் கொடுத்த எவரும் எங்கேயும் புகுந்து ஆவணங்களைப் பார்க்கலாம், கைப்பற்றலாம் என்றது அது. அதை வைத்துக்கொண்டு ஹைதராபாதில் கனரா வங்கியில் இருந்த காகிதங்களைக் கேட்டார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2004 நவம்பரில் தீர்ப்பு வந்தது: அந்தத் திருத்தம் செல்லாது! பாங்கியிடம் கொடுத்து வைத்ததாலேயே ஒருவருடைய காகிதத்தின் அந்தரங்கம் போய்விடாது. அந்தரங்கம் மனிதருக்கு உரியது, இடத்துக்கு அல்ல என்றது கோர்ட்டு. பிறகு 2017 ஆகஸ்டு 24-ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தார்கள்.

ஆனால் டில்லி வரை வழக்காட, தீபாவளிச் சரக்கை அனுப்பிவிட்டு வசூலுக்காகக் காத்திருக்கும் சின்ன வியாபாரியால் ஆகுமா?

ஆகவே சிவகாசி அண்ணாச்சி முதலில் செய்யக்கூடியது, கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுதான். 2019 நவம்பர் 8 முதல் மத்திய வரி அதிகாரிகளின் கடிதங்களில் ஆவண அடையாள எண் ஒன்று இருக்கவேண்டும் என்று விதி. அந்த எண்ணை வாரியத்தின் இணையதளத்தில் போட்டு, கடிதம் மெய்யா பொய்யா என்று வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். இணையதளம் மூலமே வரும் கடிதத்தில் அதற்குப் பதில் வேறொரு குறிப்பு எண் இருக்கும். போலிச் சம்மன் அனுப்பிப் பணம் பறிக்கும் ஆசாமிகளும் உலவுகிறார்களே!

சோதனைக்கே வந்து புத்தகங்களை எடுத்துப்போனாலும், அதிகாரி முன்னிலையில் நகல் எடுத்துக்கொள்ளச் சட்டத்தின் 67-வது பிரிவு உரிமை தருகிறது. விசாரணைக்குப் பாதகம் என்று அதிகாரி கருதினால் மட்டும் மறுக்கலாம்.

திங்கட்கிழமை மதுரைக்குப் போகும்போது கணக்குப்பிள்ளை பேரேட்டோடு சம்மனின் நகல் ஒன்றையும் பையில் போட்டுக்கொள்ளட்டும். "ஐயா, இந்த எண்ணைச் சரிபார்த்துவிட்டுத்தான் வந்தேன்" என்று பணிவாக ஒரு வார்த்தை சொல்லட்டும். அதிகாரி நிமிர்ந்து பார்ப்பார்!