உங்களுக்குத் தெரியுமா? பழைய ரயில் பெட்டிக்குள் புதுக் கார்!

விருத்தாசலம் தாண்டி, பெண்ணாடம் வழியாகத் திருச்சிக்குப் போகும் கார்டு லைனில் நம்மை வருடக்கணக்கில் சுமந்தவை பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டிகள். 1955-ல் தொடங்கிய அந்த வகைத் தயாரிப்பு 2018-ல் நின்றது.

ஒரு பெட்டியின் ஆயுள் சுமார் 25 ஆண்டுகள். பிறகு எல்லாமே பழைய இரும்புக்குப் போவதில்லை. நல்ல நிலையில் இருப்பவற்றில் சீட், பெர்த், மின்விசிறி, கழிப்பறை அனைத்தையும் கழற்றுகிறார்கள். ஜன்னல்களைத் தகடு வைத்துப் பற்றவைத்து அடைக்கிறார்கள். பெட்டியின் இரு முனைகளிலும் அகலக் கதவு வைக்கிறார்கள். அதன் வழியே புதுக் கார்களை ஓட்டி ஏற்றலாம். பெட்டிவிட்டுப் பெட்டி உள்ளுக்குள்ளேயே நகர்த்தலாம். வாலாஜாபாத்திலிருந்து கார்கள் இப்படியும் வடக்கே போகின்றன.

உறுதியான அடிச்சட்டத்தை உடைக்காமல் இன்னும் சில ஆண்டுகள் உழைக்க விடுவது அருமையான ஏற்பாடு. ஆனால், துரு ஆழமாக அரித்த பெட்டிக்கு ஏலம்தான் சரி.