பெட்ரோல் போட்டதும் மக்கர் பண்ணும் கார்

அடையாறுல ஒரு பங்க். பெட்ரோல் போட்டாச்சு, சாவியைத் திருப்பினா ஸ்டார்ட்டர் சுத்துது, இன்ஜின் மட்டும் பிடிக்கல. ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சா இருமிக்கிட்டே கிளம்புது. பாண்டி பஜார் சிக்னல்ல நின்னா ஐடிலிங் தடுமாறுது. வீட்டு கார்ல இப்படி நடந்தா "பெட்ரோல்ல கலப்படம்"னு அப்பா சொல்வார், ஃப்யூயல் பம்ப்னு மெக்கானிக் சொல்வார். பம்ப்புக்குக் காசு கொடுக்கறதுக்கு முன்னாடி பர்ஜ் வால்வைப் பாருங்க.

டேங்க்ல ஆவியாகிற பெட்ரோல் காத்துல கலக்கக் கூடாது. 2020 ஏப்ரல்ல வந்த பி.எஸ்.6 விதியில இதுக்கு வரம்பு, ஒரு சோதனைக்கு 2 கிராம். அதனால கேனிஸ்டர்ங்கிற கரி டப்பா அந்த ஆவியைப் பிடிச்சு வெச்சுக்கும். வண்டி ஓடும்போது ஈ.சி.யூ. சொன்னா மட்டும் பர்ஜ் வால்வு திறக்கும். இன்டேக் மேனிஃபோல்டு ஆவியை உறிஞ்சி எரிச்சிடும். கரண்ட் வராதப்போ வால்வு மூடியே இருக்கணும்.

அது திறந்தபடியே சிக்கிக்கிட்டா? பெட்ரோல் உள்ள போகப் போக டேங்க்ல இருந்து வெளிய தள்ளப்படற ஆவி நேரா இன்ஜினுக்கு வரும். பெட்ரோல் அதிகம், காத்து கம்மி. ஸ்பார்க் வந்தாலும் பத்தாது. முழுசா மிதிச்சா த்ராட்டில் திறந்து காத்து வருது, அதான் கிளம்புது.

சோதனை சுலபம். ஐடிலிங்ல விட்டு, வால்வோட மின் கனெக்டரைக் கழட்டுங்க. கேனிஸ்டர்ல இருந்து வர்ற ஹோஸையும் உருவிட்டு, அந்த வாய்ல விரலை வைங்க. இழுத்தா வால்வு காலி. (ஃபேன் பக்கம் கை போக வேண்டாம். வாயால ஊதியும் பார்க்காதீங்க, பெட்ரோல் ஆவி அது.) ஸ்கேனர் இருந்தா பி0496 காட்டலாம்.

மாத்தறது அதைவிடச் சுலபம்: இன்ஜின் ஆறினதும் பேட்டரி நெகட்டிவைக் கழட்டணும், ஒரு கனெக்டர், ரெண்டு ஹோஸ், ஒரு போல்ட் அல்லது கிளிப். எந்த ஹோஸ் எந்தப் பக்கம்னு முதல்லயே போட்டோ எடுத்துக்குங்க. சென்னை வெயில்ல ரப்பர் வெடிச்சிருந்தா அதையும் மாத்திடுங்க. பழைய வால்வைக் கையோட எடுத்துக்கிட்டு ஜி.பி. ரோடு போனா பார்ட் நம்பர் பார்த்துத் தருவாங்க. புதுப்பேட்டையில பழசு கிடைக்கும். ஆனா இந்த பார்ட்டை மட்டும் பழசு வாங்கறது வீண்.

கழட்டின வால்வைத் தட்டிப் பாருங்க. கறுப்பாப் பொடி கொட்டினா கேனிஸ்டரும் போச்சு. அதை விட்டுட்டா புது வால்வையும் அந்தப் பொடி அடைக்கும். ஆட்டோ கட் ஆன பிறகும் "ரவுண்டா போட்டுடவா சார்?"னு கேட்டு ஊத்தறாங்களே, அந்தப் பெட்ரோல் திரவமாவே கேனிஸ்டருக்குள்ள போய் கரியைக் கெடுக்கலாம்.