போர்க்களத்தைக் காட்டிக்கொடுத்த ஈயக் குண்டுகள்

போர் நடந்த வருஷத்தைக் கேட்டால் உடனே சொல்லிடுவோம். எந்த வயலில் நடந்தது என்று கேட்டால்? இங்கிலாந்துக்காரர்களே ஒரு போர்க்களத்தைத் தப்பான இடத்தில் காட்டிக்கொண்டு இருந்தார்கள்.

1485 ஆகஸ்ட் 22-இல் பாஸ்வொர்த் போரில் மூன்றாம் ரிச்சர்ட் மன்னர் செத்துப்போனார். ஜெயித்த ஹென்றி டியூடர் ராஜா ஆனார். போர் நடந்தது ஆம்பியன் குன்றில்தான் என்று நம்பி, அங்கே காட்சிக்கூடமே கட்டிவிட்டார்கள். ஆனால் சரித்திரம் எழுதுகிறவர்கள் ஆளுக்கொரு இடம் சொல்லிச் சண்டை போட்டார்கள்.

2005-இல் கிளென் ஃபோர்ட் என்ற தொல்லியல் அறிஞர் தலைமையில் ஒரு குழு மெட்டல் டிடெக்டரோடு வயல் வயலாக நடக்க ஆரம்பித்தது. நாலு வருஷம் தேடிய பிறகு, 2009-இல், குன்றிலிருந்து சுமார் 3 கி.மீ. தள்ளி ஈயக் குண்டுகள் கிடைத்தன. மொத்தம் 30-க்கும் மேல்!

அந்தக் காலத்தில் இப்போது இருக்கிற மாதிரி தோட்டா கிடையாது. மருந்து தனி, குண்டு தனி. குழாய் வாய் வழியாக முதலில் மருந்தைப் போட்டு, அப்புறம் குண்டைத் தள்ளுவார்கள். பீரங்கிக்குக் கல்லைக் கொத்திக் கொத்தி உருண்டை ஆக்கினார்கள். எவ்வளவு வேலை பாருங்கள்! ஈயம் என்றால் 327 டிகிரியில் உருகிவிடும், விறகு அடுப்பே போதும். இரண்டு பாதி அச்சைச் சேர்த்து ஊற்றினால் குண்டு ரெடி. அச்சு சேருகிற இடத்தில் மட்டும் ஒரு கோடு விழும். (ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வேற, அது வெள்ளீயம். இது காரீயம், விஷம்.) சில பெரிய குண்டுகளுக்கு உள்ளே இரும்பையோ கல்லையோ வைத்து மேலே ஈயம் ஊற்றினார்கள்.

ஈயம் இரும்பு மாதிரி துருப்பிடித்து உதிராது. ஆனால் மிருதுவானது. சுட்ட குண்டு எதிலாவது மோதினால் நசுங்கிடும். சுடாமல் கீழே விழுந்தது உருண்டையாகவே இருக்கும். குண்டின் அகலத்தை அளந்தால் துப்பாக்கிக் குழாயின் அகலமும் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு குண்டும் கிடைத்த இடத்தை வரைபடத்தில் புள்ளி வைத்தார்கள். அதுதான் பெரிய விஷயம். யாராவது முன்னாடியே பொறுக்கி அலமாரியில் வைத்திருந்தால் அது வெறும் ஈய உருண்டை, அவ்வளவுதான். புள்ளிகள் பரவிக் கிடந்த பக்கமே, பழைய சதுப்பு நிலத்தின் ஓரத்தில், வெள்ளியில் செய்து பொன்முலாம் பூசிய குட்டிக் காட்டுப்பன்றிச் சின்னமும் கிடைத்தது. காட்டுப்பன்றி ரிச்சர்டின் அடையாளம்!

2012-இல் லெஸ்டர் நகரத்தில் கார் நிறுத்துகிற இடத்துக்கு அடியில் ரிச்சர்டின் எலும்புக்கூடும் கிடைத்தது. சாகும் நேரத்தில் பட்ட காயம் 11, அதில் 9 தலையில். எல்லாம் வெட்டும் குத்தும்தான். அத்தனை குண்டு பறந்த போரில், ராஜாவின் எலும்பில் ஒரு குண்டுக் காயம்கூட இல்லை.

- 9-ஆம் வகுப்பு மாணவி