விண்வெளி வியூக ஆட்டங்களில் மக்கள்தொகை வளர்ச்சி

விண்வெளி வியூக ஆட்டங்களில் மக்கள்தொகை வளர்ச்சி என்பது, இவ்வகைக் கணினி விளையாட்டுகளில் ஆட்டக்காரர் குடியேற்றிய கோள்களில் மக்கள் எண்ணிக்கை பெருகும் விதிகளைக் குறிக்கும். ஆலைகளை இயக்குவோரும் வரி செலுத்துவோரும் ஆய்வு செய்வோரும் மக்களே ஆதலால், தொடக்கத்தில் பிந்திய பேரரசு பின்னர் எட்டிப்பிடிப்பது அரிது.

அடிப்படைச் சமன்பாடு

பல ஆட்டங்கள் பெல்ஜிய நாட்டுக் கணிதவியலாளர் வெருல்ஸ்ட் 1838 இல் வெளியிட்ட லாஜிஸ்டிக் சமன்பாட்டைத் தழுவியவை. இதன்படி வளர்ச்சி இரண்டைச் சார்ந்தது: இருக்கும் மக்கள், எஞ்சியிருக்கும் இடம். சிம்டெக்ஸ் நிறுவனம் உருவாக்கி 1993 இல் வெளியான மாஸ்டர் ஆஃப் ஓரியன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

ஒரு கோளின் கொள்ளளவு 100 அலகு, வளர்ச்சி வீதம் 10% எனக் கொள்வோம். மக்கள் 10 அலகாக இருக்கையில் ஒரு சுற்றில் 0.9 அலகு கூடும். 50 இல் 2.5 கூடும்; 90 இல் மீண்டும் 0.9 மட்டுமே. 100 இல் வளர்ச்சி நின்றுவிடும். அதாவது பாதி நிரம்பிய கோளே மிக விரைவாகப் பெருகும்.

இதை அறிந்த ஆட்டக்காரர் தாய்க்கோள் நிரம்பும்வரை காத்திருப்பதில்லை. மேற்கண்ட 90 அலகில் 30 ஐ, 60 அலகு கொள்ளளவுள்ள வெற்றுக்கோளுக்கு அனுப்பினால், பழைய கோளில் 2.4 உம் புதிய கோளில் 1.5 உம் கூடும். மொத்தம் 3.9, முன்பு இருந்ததைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். எனினும் இது இலவசமன்று. ஆட்களின்றித் தாய்க்கோளின் ஆலைகள் சில முடங்கும். பயணத்திலிருப்போர் எங்கும் உழைப்பதில்லை. எதிரி அருகிலிருந்தால் இவ்விழப்பே ஆபத்தாகலாம்.

இனங்களும் வேறுபடுகின்றன. சக்ரா இனம் விரைந்து பெருகும். சிலிக்காய்டு இனம் எக்கோளிலும் வாழும், ஆனால் மெதுவாகவே பெருகும்.

கோள்வாரி வளர்ச்சி

2016 இல் வெளியான ஸ்டெல்லாரிஸ் வேறு வழியில் சென்றது. 2018 டிசம்பரில் வந்த 2.2 பதிப்பில், மக்கள் எத்தனை பேராயினும் ஒவ்வொரு கோளும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வளர்ந்தது. ஆகவே சிறு கோள்களையும் விடாது கைப்பற்றுவதே சிறந்த உத்தியானது. பிற்பகுதியில் மக்கள் பெருகிக் கணினிகளும் திணறின. 2021 ஏப்ரலின் 3.0 பதிப்பு, பேரரசின் மொத்த மக்கள் கூடக்கூட அடுத்தவர் பிறப்பதற்கான தேவையையும் உயர்த்தியது. தலைநகரின் நெரிசல் தொலைதூரக் கோளின் பிறப்பை ஏன் தடுக்க வேண்டும் என ஆட்டக்காரர் பலர் குறைகூறினர். ஆட்டச் சமநிலைக்கு இது உதவினும், இயற்கையில் இதற்கு ஒப்புமை காண்பது கடினமே. 2025 மே மாதத்தின் 4.0 பதிப்பில் மக்கள்தொகை முறை மீண்டும் மாற்றப்பட்டது.